சாமானைக் குறைத்து வாழ்வது பற்றித் திருகோணமலையில் என்னிடம் கேட்கும் கேள்விகள்

2019இல் அம்மா காலமான பிறகு, மனையாவெளியில் இருந்த எங்கள் பழைய வீட்டை ஒதுக்க எனக்கு நாலு மாதம் எடுத்தது. மூன்று அலுமாரி, இரண்டு றங்குப் பெட்டி, கட்டிலுக்குக் கீழே அடுக்கி வைத்த அட்டைப் பெட்டிகள். அது முடிந்ததும் உப்புவெளியில் இரண்டு அறையும் ஒரு குசினியும் உள்ள வீட்டுக்கு வந்தேன். என்னுடைய சாமான் முழுவதும் ஒரு சின்ன லொறியில் ஒரே தடவையில் வந்து சேர்ந்தது.

அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் சுற்றிப் பார்ப்பார்கள், அப்புறம் கேட்பார்கள். என்னோடு படிப்பித்தவர்கள், கோயிலில் சந்திப்பவர்கள், பழைய மாணவர்கள் என்று யார் கேட்டாலும் கேள்விகள் ஒன்றாகவே இருந்தன. ஒரு கொப்பியில் குறித்து வைத்து, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தருகிறேன். மேலிருந்து வாசித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் தொட்டுத்தான் போகின்றன.

டீச்சர், சாமானைக் குறைச்சா சந்தோசம் வந்திடுமா?

தானாக வராது. முதலில் வருவது நேரம். ஒவ்வொரு சாமானும் நம்மிடம் வேலை வாங்குகிறது: துடைக்க, அடுக்க, பூட்ட, தேட, பழுதானால் திருத்த. திருகோணமலையில் இந்த வேலை இன்னும் கூட. எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல். உப்புக்காற்று இரும்பை விட்டுவைக்காது, மாரி வந்தால் மரத்தில் பூஞ்சணம், வெயில் வந்தால் கறையான். அம்மாவின் இரும்பு அலுமாரியைத் திறந்தபோது கீழ்ப் பிணைச்சல் என் கையோடு வந்துவிட்டது. உள்ளே வெள்ளைச் சேலை ஒன்று, விலைத்துண்டுகூடக் கழற்றவில்லை. மடிப்பு மடிப்பாகத் துருவின் சிவப்புத் தூள். எத்தனை தரம் அதை வெயிலில் காயவைத்து, பூச்சி உருண்டை போட்டு, திரும்ப மடித்து வைத்திருப்பார்! ஒரு நாளும் உடுக்கவில்லை.

மன நிறைவு என்று நான் சொல்வது, "எனக்கு இவ்வளவு போதும்" என்று தன் அளவு தனக்குத் தெரிவதை. சாமான் குவிந்து கிடக்கும்போது அந்த அளவு கண்ணில் படாது. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, இது வேண்டுமா என்று கேட்டுப் பார்க்கும்போதுதான் மெல்ல மெல்லத் தெரியவரும். குறைக்கச் சொல்வது அதற்காக.

அப்ப எத்தனை சாமான் வைச்சிருக்கலாம்? ஏதும் கணக்கு இருக்கா?

துறவிகளுக்குக் கணக்கு இருக்கிறது. பௌத்த பிக்குவுக்கு எட்டுப் பொருள்: மூன்று சீவரம், பிச்சைப் பாத்திரம், இடுப்புப் பட்டி, சவரக்கத்தி, ஊசி, நீர் வடிகட்டி. பெரியகுளத்துக்குக் கிட்ட இருக்கும் வெல்கம் விகாரைக்குச் சோழர் காலத்தில் இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர். தமிழ்க் கல்வெட்டுகள் இன்றும் அங்கே கிடக்கின்றன. இந்த எட்டுப் பொருளோடு அங்கே வாழ்ந்தவர்களில் நம்முடைய மொழி பேசியவர்களும் இருந்திருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்கு ஒரு நெருக்கம் வரும்.

குடும்பக்காரருக்கு அப்படி ஒரு எண் கிடையாது. திருக்கடலூரில் கடலுக்குப் போகிறவருக்கு மீனுக்கு ஒரு வலை என்று நாலைந்து வலை வேண்டும். தையல்காரிக்கு ஒரு பெட்டி நிறையப் பொத்தான் வேண்டும். நான் வைத்திருக்கும் கணக்கு காற்றுக் கணக்கு. ஒரு வாடைக்காலம் தொடங்கிக் கச்சான் காற்று அடித்து ஓய்ந்து, திரும்பவும் வாடை வரும்வரை ஒரு சாமானைத் தொடவே இல்லையென்றால், அது ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்கலாம். ஒரு வருடத்தில் வரக்கூடிய மழை, வெயில், திருவிழா, காய்ச்சல் எல்லாம் அதற்குள் வந்துபோயிருக்கும். காணி உறுதி, சான்றிதழ், முதலுதவிப் பெட்டி போன்றவற்றுக்கு இந்தக் கணக்கைப் பார்க்காதீர்கள்.

எங்கையிருந்து தொடங்குறது? பாக்கவே தலை சுத்துது.

குசினியிலிருந்து. அங்கே கண்ணீர் குறைவு, பலன் உடனே தெரியும். ஒரு பாயை விரித்து, ஒரு தட்டில் இருப்பதை மட்டும் இறக்கி வையுங்கள். முழுக் குசினியையும் ஒரே நாளில் இறக்கினால் பின்னேரம் சமைக்க இடம் இருக்காது, கோபத்தோடு எல்லாவற்றையும் திரும்ப ஏற்றிவிடுவீர்கள். நான் முதல் தடவை அதைத்தான் செய்தேன்.

ஒரே வேலைக்கு இரண்டு மூன்று இருப்பதை முதலில் பிரியுங்கள். அம்மாவின் குசினியில் 23 ஐஸ்கிறீம் பெட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் மூடி தேடிப் பார்த்தேன். பொருந்தியது ஏழு. நாலு இடியப்ப உரல், அதில் இரண்டுக்கு அச்சு இல்லை. இன்று என் குசினியில் இருப்பது இரண்டு மண்சட்டி, ஒரு தாச்சி, சோற்றுப் பானை, நீத்துப்பெட்டி, ஒரு இடியப்ப உரல், துருவலை, சுளகு, ஆறு தட்டு, ஆறு பேணி, அம்மியும் குழவியும். ஆறு பேருக்கு மேல் வந்தால் வாழையிலை.

புகைப்படம், கடிதம், இறந்தவர்களின் உடுப்பு இவற்றைக் கடைசிக்கு வையுங்கள். ஒரு கடிதத்தைப் பிரித்தால் அன்றைய நாள் அங்கேயே முடிந்துவிடும்.

நாங்கள் எல்லாத்தையும் இழந்து வந்த ஆக்கள். எங்களுக்குப் போய்க் குறைக்கச் சொல்லுறியளே?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் மூதூரிலிருந்து 2006இல் இடம்பெயர்ந்தவர். அவர் கேட்ட பிறகு ஒரு கிழமை நான் இதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை. இந்த மாவட்டத்தில் எத்தனை வீட்டில் இந்தக் கதை இருக்கிறது. 1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கியபோது ஓடியவர்கள், 2004 மார்கழி 26ஆம் திகதி, போயா தினமான அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில், கடல் வந்து எடுத்துப்போனதைப் பார்த்து நின்றவர்கள், அதிலிருந்து எழும்பி இரண்டு வருடத்தில் திரும்பவும் ஓடியவர்கள். நாங்களும் 1990இல் வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போன ஆட்கள்தான். திரும்பி வந்தபோது நிலையில் கதவு இல்லை. அம்மா சாவியைச் சேலைத் தலைப்பில் முடிந்தபடி முற்றத்தில் நின்றார்.

அப்படி இருந்தும் சொல்கிறேன்: பறிகொடுத்ததும் குறைத்ததும் ஒன்றல்ல. பறிபோனபோது எதை விடுவது என்று யாரும் எங்களைக் கேட்கவில்லை. குறைக்கும்போது அந்தத் தீர்மானம் நம்முடைய கையில். இழந்தவர்கள் சேர்த்து வைப்பதைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது. அம்மாவின் வீட்டில் கழுவித் துடைத்து மூடி போட்ட வெறும் பால்மா ரின்கள் நாற்பதுக்கு மேல் இருந்தன. முகாமில் கஞ்சி வாங்கவும் தண்ணீர் அள்ளவும் எங்களிடம் ஒரு பாத்திரமும் இருக்கவில்லை. யாரோ தந்த ஒரு பால்மா ரின்னில்தான் மூன்று பேரும் குடித்தோம். அதற்குப் பிறகு அவர் ஒரு ரின்னையும் எறியவில்லை. அவற்றைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுக்க எனக்கு இரண்டு கிழமை மனம் வரவில்லை. ஒன்றை வைத்துக்கொண்டேன். இப்போது அதில் சீனி இருக்கிறது.

இப்படியான வீட்டில் குறைப்பதிலிருந்து தொடங்க வேண்டாம். முதலில் ஒரு பை தயார் செய்யுங்கள். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, வங்கிப் புத்தகம், மருந்துச் சீட்டு, டோர்ச், ஒரு மாற்றுடுப்பு. எல்லாம் பொலித்தீனில் சுற்றி, கை எட்டும் இடத்தில் இருக்கட்டும். எனக்கு அந்தப் பை வாசலுக்குப் பக்கத்தில் தொங்கத் தொடங்கிய பிறகுதான் மிச்சச் சாமானைப் பற்றிய பயம் விட்டது. எது போனால் உண்மையில் கஷ்டம் என்று அந்தப் பைக்குள் பார்த்தாலே தெரிகிறது.

2022இல வாங்கி வைச்சவன்தானே தப்பினான்?

ஓரளவுக்கு உண்மை. நாட்டில் பொருளாதார நெருக்கடி வந்த அந்த வருடம், மருந்தும் அரிசியும் பால்மாவும் கையில் இருந்தவர்கள் குறைவாகத் தவித்தார்கள். அதை மறைத்துப் பேசினால் யாரும் என்னை நம்ப மாட்டார்கள். ஆனால் அந்த வருடம் உங்கள் வீட்டில் எது உதவியது, எது சும்மா கிடந்தது என்று நினைத்துப் பாருங்கள். பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நின்றது. அரைக்கும் மெஷின், றைஸ் குக்கர், மைக்ரோவேவ் எல்லாம் தூசி பிடித்தன. 12.5 கிலோ காஸ் சிலிண்டருக்கு நாள் கணக்கில் வரிசை. விறகடுப்பை இடித்துவிட்டு மாபிள் பதித்தவர்கள் முற்றத்தில் மூன்று கல் வைத்துச் சமைத்தார்கள். பெற்றோல் வரிசையில் நின்ற மோட்டார் சைக்கிள்களைத் தாண்டி, பழைய சைக்கிள்காரர் மீன் வாங்கிக்கொண்டு போனார்.

சேமிப்பு வேறு, குவிப்பு வேறு. தின்று தீர்த்துத் திரும்ப நிரப்புவது சேமிப்பு. என் வீட்டில் ஒரு மாதத்துக்கு அரிசி, பருப்பு, மருந்து, தீப்பெட்டி, மெழுகுதிரி எப்போதும் இருக்கும். தம்பலகாமத்து அரிசி வாங்கினால் பழையதை முதலில் எடுத்து, புதியதை அடியில் போடுவேன். அதைக் குறைக்க நான் யாருக்கும் சொன்னதில்லை.

பிள்ளையள் வெளிநாட்டிலயிருந்து பெட்டி பெட்டியா அனுப்புதுகள். வேண்டாம் எண்டா கவலைப்படுங்கள். என்ன செய்யிறது?

லண்டனிலிருந்தோ கனடாவிலிருந்தோ வரும் பெட்டியில் சாமானைவிட அதிகம் இருப்பது, பக்கத்தில் இல்லையே என்ற அவர்களுடைய குற்ற உணர்வு. அதனால் "வேண்டாம்" என்ற சொல்லை மட்டும் சொன்னால் அவர்களுக்கு வலிக்கும். வேண்டியதைச் சொல்லிக் கேளுங்கள். கண் டொக்டரிடம் போகக் காசு, கூரை ஓடு மாற்ற உதவி, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணித்தியாலம் வீடியோவில் கதைப்பது. இந்த மூன்றையும் கேட்ட ஒரு அம்மாவுக்கு, அதற்குப் பிறகு வந்த பெட்டி பாதியாகக் குறைந்தது.

வந்து சேர்ந்ததை என்ன செய்வது? பாவியுங்கள். கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டி வைத்த டின்னர் செட்டை எடுத்து இன்று மத்தியானம் சோறு போட்டுச் சாப்பிடுங்கள். உடைந்தால் உடையட்டும். சொக்கிலேற்றையும் சவர்க்காரத்தையும் காலாவதியாகும்வரை அடுக்கி வைக்காமல் அயலில் கொடுங்கள், யாருக்குக் கொடுத்தீர்கள் என்று பிள்ளைக்கும் சொல்லுங்கள்.

என்ர மனுசன் ஒரு ஆணியையும் எறிய விடார். அவருக்குத் தெரியாமல் குடுக்கட்டா?

வேண்டாம். ஒரு தடவை தெரியாமல் கொடுத்து, அவர் அதைத் தேடி, நீங்கள் முழித்தால், அதோடு வீட்டில் நம்பிக்கை போய்விடும். உங்கள் அலுமாரி, உங்கள் செருப்பு, உங்கள் சேலை என்று உங்களுடையதை மட்டும் ஒழுங்காக்குங்கள். அவருக்கு ஒரு மூலையோ ஒரு அறையோ முழு உரிமையோடு விட்டுக்கொடுங்கள். அங்கே ஆணி இருக்கட்டும், வயர் இருக்கட்டும், ஓடாத றேடியோ இருக்கட்டும். அவர் ஏன் சேர்க்கிறார் என்று கேட்டும் பாருங்கள். நாலாவது கேள்விக்குச் சொன்ன ரின் கதை மாதிரி ஏதாவது அவரிடமும் இருக்கும். ஒருவர் தன் தகப்பன் விட்டுப்போன பெட்டியிலிருந்த வளைந்த ஆணிகளைப் பின்னேரங்களில் ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டிருந்தார். அந்த அரை மணித்தியாலம் அவருக்குப் பிரார்த்தனை மாதிரி என்று மனைவிக்கு அப்போதுதான் விளங்கியது.

ஊர் என்ன சொல்லும்? சோபா செற் இல்லாத வீட்டுக்கு ஆர் பெண் கேட்டு வருவினம்?

இதைக் கேட்ட தாயின் முகத்தில் இருந்த கவலை உண்மையானது. அதனால் நேராகவே சொல்கிறேன். சோபாவைப் பார்த்து வருகிற சம்பந்தம், அடுத்ததாக மோட்டார் சைக்கிளைப் பார்க்கும், அதற்கடுத்ததாகக் காணியைப் பார்க்கும். அந்த ஓட்டத்தில் முடிவு கிடையாது.

ஒரு சாமான் இன்னொன்றை இழுத்துக்கொண்டு வரும் என்பதை 1769இலேயே பிரெஞ்சு நாட்டுச் சிந்தனையாளர் திதரோ எழுதி வைத்தார். அவருக்கு ஒரு அழகான புதிய மேலங்கி கிடைத்தது. அதற்குப் பக்கத்தில் அறையில் இருந்த கதிரை, மேசை, படங்கள் எல்லாம் மட்டமாகத் தெரிந்தன. ஒவ்வொன்றாக மாற்றினார், கடைசியில் பழைய அங்கியை நினைத்து ஏங்கினார். நம்மூரிலும் இதுதான். சோபா வந்தால் திரைச்சீலை பொருந்தாது, திரைச்சீலை மாறினால் சுவர் நிறம் பொருந்தாது, நிறம் அடித்தால் பழைய ரீவி கண்ணை உறுத்தும். நாலாவது சாமான் லீசிங்கில் வரும்.

சாமத்தியச் சடங்குக்கு மண்டபம், அல்பம், வீடியோ, ஹெலியம் பலூன் என்று கடன் பட்டு, மூன்று வருடம் தவணை கட்டிய குடும்பங்களைக் கண்முன்னே பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளையின் ஏ.எல். ரியூசன் காசுதான் அதில் போனது. முற்றத்தில் பந்தல் போட்டு, சொந்தக்காரரை அழைத்து, வீட்டுச் சாப்பாடு கொடுத்துச் செய்தால் சடங்கில் ஒரு குறையும் வராது. ஊர் ஒரு கிழமை கதைக்கும். தவணை 36 மாதம்.

நகையையும் வித்துப்போட வேணுமா?

அவசரப்படாதீர்கள். நம் பெண்கள் பலருக்குச் சொந்தப் பெயரில் இருக்கும் ஒரே சேமிப்பு நகைதான். இடம்பெயரும்போது உடம்போடு வந்தது அது. 2022இல் அடகு வைத்துப் பிள்ளைக்கு மருந்து வாங்கவும் அதுதான் உதவியது. சேமிப்புக்கும் குவிப்புக்கும் மேலே சொன்ன வித்தியாசத்தை இங்கேயும் பாருங்கள். இருப்பது இருக்கட்டும். அடுத்த கல்யாணத்துக்குப் போடவென்று கடன் பட்டுப் புதிய டிசைனில் மாற்றிச் செய்வதைத்தான் நான் வேண்டாம் என்பேன். மாற்றும்போதெல்லாம் கூலியும் சேதாரமும் உங்கள் தங்கத்திலிருந்து போகிறது.

பிரிஜ், ஃபோன் எல்லாம் விடவேணுமோ?

இல்லை. என்னிடம் இரண்டும் இருக்கின்றன. பிரிஜ் சின்னது. கடற்கரையில் காலையில் சூடையும் பாரையும் வாங்கி அன்றே சமைக்கக்கூடிய ஊரில் ஒரு மாத மீனைப் பனிக்கட்டியாக்கி வைக்க எனக்கு விருப்பமில்லை. ஃபோனில் பொருள் விற்கும் பக்கங்களை எடுத்துவிட்டேன். இரவு ஒன்பது மணிக்கு மேல் பார்த்து வாங்கிய எதையும் பிறகு நான் பாவித்ததில்லை.

குடுக்கிற சாமானை எங்க குடுக்கிறது?

போத்தல், பேப்பர், பழைய இரும்பு வாங்க வருகிறவரிடம் பாதி போய்விடும். நல்ல உடுப்பு, பாத்திரம், புத்தகம் என்றால் ஆள் தெரிந்து, கேட்டு, கொடுங்கள். கிழிந்ததை ஏழைக்கென்று கட்டி அனுப்புவது தருமம் ஆகாது. சுனாமிக்குப் பிறகு முகாம்களுக்கு வந்த மூட்டைகளில் குளிர்நாட்டுக் கம்பளிச் சட்டையும் ஒற்றைச் சப்பாத்தும் கிடந்ததை நாங்கள் பிரித்திருக்கிறோம். கிண்ணியாவிலிருந்து வந்து என்னோடு படிப்பித்த ஆசிரியை ஒருவர் சொன்னதை இங்கே வைக்கிறேன்: நீங்களே கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்குவீர்கள் என்றால் அதைத் தானமாகக் கொடுக்காதீர்கள் என்று குர்ஆனில் இருக்கிறதாம். அவர் வீட்டில் உடுப்பைத் தோய்த்து, பொத்தான் தைத்து, மினுக்கித்தான் கொடுப்பார்கள்.

எங்கும் போகாததைக் கடற்கரையில் கொட்டாதீர்கள். பன்குளம் போகும் வீதியோரக் காட்டிலும் கொட்டாதீர்கள். நகரத்துக்குள் திரியும் மான்கள் பொலித்தீனை மெல்வதை எல்லோரும் பார்க்கிறோம்.

எல்லாத்தையும் குடுத்திட்டு, பிறகு பக்கத்து வீட்டில இரவல் கேக்க வெக்கமா இல்லையா?

முதலில் வெட்கமாக இருந்தது. எங்கள் ஒழுங்கையில் ஏணி ஒரு வீட்டில், அலவாங்கு ஒரு வீட்டில், பொங்கலுக்கும் அன்னதானத்துக்கும் எடுக்கும் பெரிய கிடாரம் ஒரு வீட்டில். அம்மாவின் காலத்தில் ஊரே இப்படித்தான் நடந்தது. எல்லோரும் எல்லாவற்றையும் வாங்கிய பிறகுதான் மதில் உயர்ந்தது, முகம் பார்ப்பது குறைந்தது.

இரவலுக்கு முறை இருக்கிறது. சொன்ன நாளுக்கு முன்னால் கொடுக்க வேண்டும். வாங்கியதைவிடச் சுத்தமாகக் கொடுக்க வேண்டும். பழுதாக்கினால் சொல்லாமல் வைத்துவிட்டு வரக்கூடாது. பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று அம்மா சொல்லுவார். ஒரு தேசிக்காயாவது இருக்க வேண்டும். திரும்பக் கேட்கும் ஆட்களுக்கு நீங்களும் இல்லை என்று சொல்லக்கூடாது.

அப்பா செத்து ஆறு மாசம். அவற்ற சாரத்தையும் கண்ணாடியையும் என்ன செய்யிறதெண்டே தெரியேல்லை.

ஒன்றும் செய்யாதீர்கள். ஆட்டைத் திவசம் முடியும்வரை அப்படியே இருக்கட்டும். துக்கத்துக்கு நான் சொன்ன காற்றுக் கணக்குப் பொருந்தாது. ஒரு வருடம் கழித்து வீட்டில் எல்லோரும் இருக்கும் நாளில் அலுமாரியைத் திறந்து, ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பாவியுங்கள். அம்மாவின் பருத்திச் சேலைகளில் நாலை நான் உடுக்கிறேன். ஒன்றைப் பழைய துணி சேர்த்துத் தைத்துப் போர்வையாக்கினேன். ஒரு பெட்டிக்குள் வைத்திருந்தால் வருடத்தில் ஒரு நாள் நினைத்திருப்பேன். இப்போது வாடைக்காலத்தில் ஒவ்வொரு இரவும் என் மேலே இருக்கிறது.

கஷ்டப்பட்ட சனத்துக்கு "போதும்" எண்டு சொல்லுறது நியாயமா, அன்ரி?

ஒரு பல்கலைக்கழக மாணவி கேட்டது. நியாயமில்லை. கூலி போதாதவரிடம், வீடு ஒழுகுகிறவரிடம், நுண்கடன் தவணைக்காரர் வாசலில் நிற்கும் பெண்ணிடம் போய் எளிமையாக வாழப் பழகு என்று சொல்வது அநியாயம். அவர்களுக்கு வேண்டியது கூலி, கூரை, வட்டி குறைந்த கடன். இல்லாமையை யாரும் எளிமை என்று அழகுபடுத்தக் கூடாது. நான் எழுதுவது, வேண்டியது கிடைத்த பிறகும் நிற்கத் தெரியாமல் ஓடும் என்னைப் போன்ற ஓய்வூதியக்காரருக்கும் சம்பளக்காரருக்கும்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. நம்மில் போதும் என்றிருப்பவர்கள் கூடினால், சீதனமும் சடங்குச் செலவும் கொஞ்சமாவது இறங்கும். அப்படிச் செலவு செய்ய முடியாதவர்கள் தலை குனியாமல் நடக்கலாம். அதற்காகவே கையில் வசதி உள்ளவர்கள் முதலில் குறைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அப்ப கடைசியில சாமியாராப் போறதுதானே?

குடும்பத்தில் இருந்தே செய்யக்கூடியதைத்தான் சொல்லிவருகிறேன். ஆனால் துறவு என்றால் எல்லாவற்றிலிருந்தும் விலகிப்போவது என்று நினைத்துவிடாதீர்கள். சுவாமி விபுலானந்தர் விஞ்ஞானப் பட்டதாரி, 1924இல் இராமகிருஷ்ண மடத்தில் துறவு பூண்டவர். துறந்த பிறகுதான் இங்கே நம் இந்துக் கல்லூரியைப் பொறுப்பேற்று நடத்தினார், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடங்களை வளர்த்தார், பழந்தமிழ் யாழைப் பற்றிப் பல வருடம் ஆராய்ந்தார், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். தனக்கென்று வைத்திருந்தது மிகக் குறைவு. செய்த வேலையோ பத்துப் பேர் செய்யக்கூடியது. என் தலைமுறை ஆசிரியர்களுக்கு அந்தப் பெயரைச் சொன்னாலே முதுகு நிமிரும்.

எல்லாம் குறைச்சாச்சு டீச்சர். வீடு வெளிச்சமா இருக்கு. மனம்தான் நிறையேல்லை. ஏன்?

பாலையூற்றிலிருந்து ஒரு அக்கா கேட்டது. மூன்று மாதம் பாடுபட்டு வீட்டை ஒதுக்கியவர். இதற்குப் பதில் சொல்ல எனக்கு என் சொந்த அனுபவம் உதவியது. இந்த வீட்டுக்கு வந்த முதல் கிழமைகளில் வெறும் தரையைப் பார்க்கவே ஆனந்தமாக இருந்தது. மூன்றாவது மாதம் அது வெறும் தரைதான்.

1978இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு செய்தார்கள். லொத்தரில் பெருந்தொகை விழுந்தவர்களையும், அவர்களுடைய அயலில் இருந்த சாதாரண ஆட்களையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, மகிழ்ச்சியில் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. காலைச் சாப்பாடு, நண்பரோடு கதைப்பது போன்ற சின்னச் சின்னச் சந்தோசங்களை லொத்தர்காரர்கள் குறைவாகவே அனுபவித்தார்கள். மனம் எதற்கும் பழகிவிடும். புதுச் சாமானுக்குப் பழகும் அதே மனம் வெறும் அறைக்கும் பழகிவிடும். முதல் கேள்விக்கு நேரம்தான் முதலில் வரும் என்று சொன்னேன் அல்லவா? அக்காவுக்கு அந்த நேரம் வந்துவிட்டது, அதை என்ன செய்வதென்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை.

நான் அவருக்கு அறிவுரை சொல்லவில்லை. என் முன்னறையைக் காட்டினேன். சோபா இல்லாத அந்த அறையில் பாய் விரித்தால் ஒன்பது பிள்ளைகள் இருந்து எழுதலாம். செவ்வாயும் வியாழனும் பின்னேரம் நாலு மணிக்கு வருவார்கள், கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், காசு வாங்குவதில்லை. அக்காவுக்கு நல்லாகச் சமைக்கத் தெரியும். தன்னுடைய ஒழுங்கையில் தனியாக இருக்கும் மூன்று வயதானவர்களுக்கு வெள்ளிக்கிழமை மரக்கறிச் சாப்பாடு கொடுக்கத் தொடங்கியிருக்கிறார். போன கிழமை அரிசி புடைக்கச் சுளகு இருக்கிறதா என்று கேட்டு வந்தார், தன்னுடையதை ஒதுக்கும்போது கொடுத்துவிட்டாராம். என்னிடம் இருப்பது ஒன்றுதான். சனிக்கிழமைக்கு முதல் எனக்கு வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை பின்னேரமே திரும்பி வந்தது, அதில் நாலு முருங்கைக்காய் இருந்தது.